பிள்ளை மரத்தில் ஏறட்டுமா? நோர்வே பார்னஹாகே பற்றி நம் பெற்றோர் கேட்கிற கேள்விகள்

நான் நோர்வேயில் ஒரு பார்னஹாகேயில், அதாவது பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முந்தின பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற பாலர் நிலையத்தில், வேலை செய்கிறேன். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தமிழ்ப் பெற்றோர் உடுப்பு மாற்றுகிற இடத்தில் நின்று கேட்பது, வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்பது, ஊரிலிருந்து வந்து நிற்கிற அம்மம்மாமார் கேட்பது, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் அவசரத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன். பதில்கள் என்னுடையவை. உங்கள் பிள்ளையின் பார்னஹாகேயில் சில விதிகள் வேறாக இருக்கலாம், அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை, பனி, குளிர் எதுவென்றாலும் வெளியே விடுகிறார்கள். இது அவசியமா?

இங்கே அது விசேஷமே இல்லை, அன்றாடம். மோசமான காலநிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று நோர்வேக்காரர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்துப் போயிருக்கும். ஆனாலும் அவர்கள் சொல்வது சரி. குளிரில் நடுங்குகிற பிள்ளையின் மேலுடுப்பைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே பருத்தி இருக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். உடம்போடு ஒட்டியிருப்பது கம்பளியாக இருக்க வேண்டும். இன்னொன்று, குளிருமே என்று மூன்று சோடி காலுறை போட்டு இறுகின சப்பாத்துக்குள் காலைத் திணிக்காதீர்கள். விரல் அசைய இடமில்லாவிட்டால் கால் இன்னும் விறைக்கும்.

கைக்குழந்தைகளை வெளியே தள்ளுவண்டியில் நித்திரையாக்குவதும் இங்கே வழக்கம்தான். பல பார்னஹாகேகளில் மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே படுக்க வைப்பார்கள். உங்கள் இடத்தில் எத்தனை பாகை என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

மகன் மரத்தில் ஏறி நிற்கிறான், கீழே ஒரு ஆசிரியை சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறா. இது கவனயீனம் இல்லையா?

அவ சும்மா நிற்கவில்லை. எந்தக் கொப்பு காய்ந்தது, கீழே கல்லு இருக்கிறதா, உங்கள் மகன் எங்கே காலை வைக்கிறான், முகத்தில் சிரிப்பா பயமா, பின்னால் ஏறுகிற பிள்ளை தள்ளுகிறதா, இவ்வளவையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறா. வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

இது ஒரு தனி ஆசிரியையின் விருப்பமும் இல்லை. நோர்வேயின் எல்லாப் பார்னஹாகேகளுக்குமான அரச வழிகாட்டித் திட்டம் ரம்மெபிளான். 2017 முதல் நடைமுறையில் இருக்கிற பதிப்பில், உடலுக்குச் சவாலான, ஆபத்துக் கலந்த விளையாட்டைப் பிள்ளைகள் தாங்களே மதிப்பிட்டுச் சமாளிக்கிற அனுபவம் பெற வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதாவது மரமேறுவது கண்ணை மூடிக்கொண்டு விட்ட விஷயம் இல்லை, பாடத்திட்டத்தில் உள்ள விஷயம். அதற்கேற்ற ஆட்களும் வேண்டும்: மூன்று வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒருவர், மேலே ஆறு பிள்ளைக்கு ஒருவர் என்று 2018 இல் விதி வந்தது. ஆள் லீவில் நிற்கிற நாளில் இந்தக் கணக்கு ஆட்டம் காணும் என்பதும் உண்மை. பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், மரத்தைப் பற்றியது இல்லை.

நாங்கள் வைத்திருக்கிற ஒரு விதியை மட்டும் நீங்களும் பழகுங்கள். பிள்ளையைத் தூக்கி மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறுகிற பிள்ளை தன் கைகாலுக்கு எட்டுகிற உயரத்தில் நின்றுவிடும், அனேகமாக இறங்கவும் தெரிந்திருக்கும். நீங்கள் தூக்கி வைத்த பிள்ளைக்கு வந்த வழி தெரியாது. விளையாட்டு மைதானத்தில் படமெடுக்கிறதுக்காக அப்பாமார் பிள்ளையை உயரத்தில் இருத்திவிட்டு இரண்டடி பின்னால் போவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு பதறும்.

அப்போ எதையுமே தடுக்க மாட்டீர்களா?

நிறையத் தடுப்போம். பிள்ளைக்குத் தெரிகிற ஆபத்து இருக்கிறது, தெரியாத ஆபத்து இருக்கிறது. உயரம் கண்ணுக்குத் தெரியும், வயிற்றுக்குள் கூசும், பிள்ளை தானே நிதானிக்கும். ஆனால் உக்கிப்போன ஏணிப்படி, கம்பிகளுக்கு நடுவில் தலை மாட்டிக்கொள்கிற இடைவெளி, பனி மூடின குளத்தின் மெல்லிய மேற்பரப்பு, இவற்றை மூன்று வயதுப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. இந்த இரண்டாவது வகை எங்கள் பொறுப்பு, அதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஐரோப்பிய விளையாட்டு உபகரணத் தரமான இஎன் 1176 ஐப் புரட்டினால் அங்கேயும் இதே யோசனைதான். விழக்கூடிய உயரம் 3 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, அந்த உயரத்துக்கு ஏற்ற மெத்தென்ற நிலம் கீழே வேண்டும், 89 மில்லிமீற்றருக்கும் 230 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட துவாரங்களில் சின்னப் பிள்ளையின் உடம்பு போய் தலை மாட்டும் என்பதால் அவை கூடாது. மூன்று மீற்றர் என்றால் நம் வீட்டுக் கூரைத்தட்டு உயரத்தையும் தாண்டும். அவ்வளவு உயரத்தை அனுமதிக்கிற அதே தரம் 9 சென்ரிமீற்றர் ஓட்டைக்கு அனுமதி தராது.

கழுத்து விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டோடு பிள்ளை ஏறுசட்டத்தில் ஏறி, உடம்பு இடைவெளியால் கீழே போய், ஹெல்மெட் மேலே மாட்டி, நாடாவில் தொங்கி இறந்த சம்பவங்கள் ஸ்கண்டிநேவியாவில் நடந்திருக்கின்றன. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கென்று பச்சைக் கொளுக்கி வைத்த ஹெல்மெட் வந்தது, இஎன் 1080 என்று அதற்குத் தரம், பாரம் இழுத்தால் கொளுக்கி தானாக விடுபடும். அதோடு, சைக்கிளை விட்டு இறங்கினவுடன் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும் என்பதும் விதி. பாதுகாப்புக்காகப் போட்டதே பிள்ளையை மாட்டிவிடும் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது.

நேர்த்திக்குக் கட்டின நூல், பவுண் சங்கிலி போட்டு விடலாமா?

கழுத்தில் வேண்டாம். ஸ்கார்ஃபும் வேண்டாம், தொப்பியைச் சுருக்குகிற கயிறும் வேண்டாம், கையுறைகளைச் சேர்த்துக் கட்டுகிற நீளமான நூலும் வேண்டாம். குளிருக்குத் தலையால் போடுகிற கழுத்துப்பட்டி போதும். நூல் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அரையில் கட்டுங்கள், அது எங்கள் வழக்கத்திலும் உள்ளதுதானே. காப்பும் சங்கிலியும் வீட்டில் இருக்கட்டும். பனிக்குள் விழுந்தால் வசந்தம் வரும்வரை தேட முடியாது, அது வேறு கதை.

4 வயதுப் பிள்ளையிடம் கத்தி கொடுக்கிறார்களாமே?

கொடுக்கிறோம். காட்டுக்குப் போகிற நாளில், ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மட்டும். நுனி மழுங்கின, பிடிக்கும் அலகுக்கும் நடுவில் விரல் வழுக்காமல் தடுப்பு வைத்த சிறுவர் கத்தி அது.

நேரில் பார்த்தால் பயம் பாதி குறையும். பிள்ளை மரக்குற்றியில் இருக்கும், நிற்கவோ நடக்கவோ விடமாட்டோம். கையை நீட்டிச் சுற்றிக் காட்டச் சொல்வோம், அந்த வட்டத்துக்குள் வேறு பிள்ளை இல்லை என்றால்தான் உறையைக் கழற்றலாம். பச்சைக் குச்சிதான் கொடுப்போம், காய்ந்த மரம் கட்டி, கத்தி வழுக்கும். அலகு எப்போதும் உடம்பிலிருந்து வெளியே போக வேண்டும், முழங்காலுக்கு முன்னால் சீவ வேண்டும், தொடைக்கு மேல் கூடாது. பட்டை சுருள் சுருளாக விழத் தொடங்கினால் அந்தப் பிள்ளை நாக்கை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் வாய் திறக்காது, வகுப்புக்குள் ஒரு நிமிடம் இருக்காத பிள்ளையாக இருந்தாலும். முடிந்ததும் முதலில் உறை, பிறகுதான் எழும்பலாம்.

வீட்டில் அம்மா மரக்கறி வெட்டும்போது பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் விரட்டாமல் ஒரு வெள்ளரிக்காயும் சின்னக் கத்தியும் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்து, ரெலிபோனை வைத்துவிட்டு.

நெருப்பு?

அதே மாதிரித்தான். நெருப்பைச் சுற்றி ஓடக்கூடாது, நெருப்புக்கும் இருக்கைக்கும் நடுவால் கடக்கக்கூடாது, பின்னால் சுற்றித்தான் போக வேண்டும். நைலோன் உடுப்பில் பொறி விழுந்தால் உருகி ஒட்டும் என்பதால் கிட்டப் போகிற பிள்ளையின் மேலுடுப்பைக் கவனிப்போம். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டப் பொதுத் தடை இருக்கிறது, வார இறுதியில் கோழி சுடப் போகிறவர்களும் இதை ஞாபகம் வைத்திருங்கள்.

இதனால் நன்மை என்று யார் சொன்னது? ஆராய்ச்சி இருக்கிறதா, இல்லை வெள்ளைக்காரர் செய்வதெல்லாம் சரி என்கிறீர்களா?

நல்ல கேள்வி. த்ரொன்ஹெய்ம் நகரில் பார்னஹாகே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிற ட்ரொன்னிங் மௌட்ஸ் மின்னே உயர்கல்லூரியில் எலன் பியாத்தே ஹான்சன் சான்ட்செத்தர் என்ற பேராசிரியை பார்னஹாகேகளில் போய் நின்று பிள்ளைகளைக் கவனித்து, அவர்களோடு கதைத்து, 2007 இல் இந்த மாதிரி விளையாட்டை ஆறாக வகுத்தா: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு மாதிரி ஆபத்தான இடங்கள், மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தனியே போவது. உங்கள் சின்ன வயதை நினைத்துப் பாருங்கள், ஆறும் இருந்திருக்கும். பிள்ளைகள் தேடுவது பயத்தையும் சந்தோஷத்தையும் ஒன்றாகத் தருகிற அந்த உணர்வைத்தான் என்கிறா அவ. 2011 இல் லேய்ஃப் கெனெய்ர் என்ற உளவியலாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தோடு பழகுவதால்தான் பிள்ளைகளுக்கு வயதோடு சில பயங்கள் விலகுகின்றன என்று வாதிடுகிறார்கள்.

அதற்குப் பொருந்துகிற ஒரு முடிவு நியூசிலாந்திலிருந்து 1998 இல் வந்தது. டனீடின் நகரில் பிறந்தவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வு அது. 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் விழுந்து காயப்பட்ட பிள்ளைகள் 18 வயதில் உயரத்துக்கு அதிகம் பயப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? குறைவாகவே பயந்தார்கள். விழுந்தது அவர்களின் பயத்தைப் போக்கியதா, அல்லது பயமில்லாத பிள்ளைகள்தான் ஏறி விழுந்தார்களா என்பது திறந்த கேள்வி, ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். கனடாவில் மரியானா புருசோனி குழுவினர் 2015 இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தீமையைவிட நன்மை அதிகம் என்று முடிவுக்கு வந்தார்கள், ஆதாரங்கள் இன்னும் பலமாக வேண்டும் என்றும் சேர்த்தே எழுதினார்கள். 2024 ஜனவரியில் கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமே இந்த வகை வெளிப்புற விளையாட்டை ஆதரித்து அறிக்கை விட்டது, ரொறொன்ரோவில் இருக்கிற உங்கள் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள்.

நாங்கள் ஊரில் மாமரம் ஏறி, வேலி பாய்ந்து, கிணற்றில் குதித்து வளர்ந்தோம். இப்போது ஏன் எங்களுக்கே பயமாக இருக்கிறது?

எல்லோரும் அப்படி வளரவில்லை என்பதுதான் என் பதில். அம்மம்மாமாரின் தலைமுறை வளர்ந்தது. இங்கே இன்று பார்னஹாகேக்குப் பிள்ளையை அனுப்புகிற அம்மா அப்பாமாரில் பலர் போருக்குள் பிள்ளையாக இருந்தவர்கள். ஷெல் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவும், பற்றைக்குள் போகாதே, கிடக்கிற இரும்பைத் தொடாதே என்று கேட்டுப் பழகவும் வேண்டியிருந்தது. அந்தப் பயம் அன்று உயிரைக் காத்த பயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. இங்கே பிர்ச் மரத்தில் ஒன்றரை மீற்றர் ஏறின பிள்ளையைப் பார்த்ததும் உடம்பு அப்படியே விறைத்துப் போகிற அம்மாவுக்கு "ரிலாக்ஸ்" என்று சொல்லிப் பிரயோசனமில்லை. நான் சொல்வது, ஒரு நாள் நேரத்தோடு வந்து எங்களோடு வெளியில் நில்லுங்கள். பிள்ளை ஏறுவதையும் இறங்குவதையும் பலதரம் பார்த்தால்தான் கண் பழகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் ஒரு மரத்தில் பிள்ளை ஏறினால் நாலு வளவிலிருந்து நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஏதாவது நடந்தால் தனியாக நாம்தான் என்ற நினைப்பும் பயத்தைக் கூட்டும்.

"கவனம், கவனம்" என்று சொல்லக்கூடவா கூடாது?

சொல்லலாம், ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும், அந்த நேரம்தான் கால் வழுக்கும். அதற்குப் பதிலாக "வலது காலுக்குக் கீழே கொப்பு ஈரமாக இருக்கிறது", "அடுத்ததாக எதைப் பிடிக்கப் போகிறாய்?", "எப்படி இறங்குவாய்?" என்று கேளுங்கள். கேள்விக்குப் பதில் யோசிக்கிற பிள்ளை நிதானமாகிவிடும். கத்த வேண்டிய இடமும் உண்டு. வீதி, ஆழமான தண்ணீர், பின்னுக்கு வருகிற வாகனம், அங்கே "நில்!" என்று ஒரே சொல். நாள் முழுக்கக் கவனம் என்று கேட்கிற பிள்ளைக்கு அந்த ஒரு "நில்" உறைக்காது.

என் மகள் பயந்த சுபாவம். மற்றப் பிள்ளைகள் ஏறும்போது கீழேயே நிற்கிறா. கொஞ்சம் வற்புறுத்தலாமா?

வேண்டாம். பார்த்துக்கொண்டு நிற்பதும் பழகுவதில் ஒரு பகுதிதான். ஒரு பிள்ளைக்கு இரண்டு மீற்றர் சாகசம், இன்னொரு பிள்ளைக்கு ஈரப் புல்லில் கையுறை இல்லாமல் தவழ்வதே சாகசம். ஆனால் பெண் பிள்ளை என்பதால் "நீ ஏன் ஏறுகிறாய்" என்று யாராவது வீட்டில் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுகிறார்கள், ஆசிரியர் விலக்குவதில்லை.

சிரித்துக்கொண்டு, மாறி மாறி மேலேயும் கீழேயும் வந்து, விட்டதும் திரும்ப வந்து சேர்ந்தால் அது விளையாட்டு. முகம் இறுகி, ஒரே பிள்ளை எப்போதும் கீழே கிடந்து, விட்டதும் ஓடிப்போனால் சண்டை. இரண்டாவதை விலக்குவோம்.

பனிச்சறுக்கல், தண்ணீர், ஐஸ்?

சறுக்குப் பலகையில் கால் முன்னுக்கு, தலை முன்னுக்கு இல்லை. சரிவின் முடிவில் வீதியோ மரமோ வேலியோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம், ஆனால் சறுக்கி முடிந்து ஏறுசட்டத்துக்குப் போகும்போது கழற்ற வேண்டும்.

தண்ணீரில் எனக்குத் தாராளம் கிடையாது. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கை அடிக்காது, சத்தமில்லாமல் போய்விடும். நீந்தத் தெரியாத பிள்ளை கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், கோடையில் ஏரிக்கரையில் பத்துக் குடும்பம் சேர்ந்து சமைக்கிற நாளில் இன்னும் கூடுதலாக, ஏனென்றால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒருவரைப் பேர் சொல்லி நியமியுங்கள். உறைந்த குளத்தில் நடக்க 10 சென்ரிமீற்றர் உறுதியான ஐஸ் வேண்டும், ஆறு வந்து விழுகிற இடமும் படகுத்துறைப் பக்கமும் அதிலும் மெல்லிதாக இருக்கும்.

முழங்காலில், காலில் காயத்தோடு வருகிறான். பார்னவேர்ன் (சிறுவர் பாதுகாப்புச் சேவை) கேட்குமோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் பலர் மெதுவாகத்தான் கேட்கிறார்கள், ஆகவே சத்தமாகவே சொல்கிறேன். ஓடுகிற பிள்ளையின் முழங்கால், கணைக்கால், முழங்கை, நெற்றி இவற்றில் சிராய்ப்பும் நீலமும் இருப்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அதைப் பார்த்து யாரும் கடிதம் எழுதுவதில்லை. வீட்டில் விழுந்திருந்தால் காலையில் விடும்போது "நேற்றுக் கட்டிலில் இருந்து விழுந்துவிட்டான்" என்று ஒரு வரி சொல்லுங்கள், அங்கே விழுந்தால் நாங்களும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாரதூரமான சந்தேகம் வந்தால் அறிவிக்க வேண்டிய சட்டக் கடமை எங்களுக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மரத்தில் உராய்ந்த முழங்கால் அந்தக் கணக்கில் வராது.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், வழமைக்கு மாறான நித்திரை என்றால் வேறு கதை: அவசரமென்றால் 113, வைத்தியரிடம் கேட்க 116117.

பாம்பு, பூச்சி?

நோர்வேயில் விஷப்பாம்பு ஒன்றே ஒன்றுதான், ஹுக்கொர்ம். கடித்தால் உடனே 113. அன்றாடத் தொல்லை உண்ணி, குறிப்பாகத் தெற்குக் கரையோரத்தில். காட்டுக்குப் போன நாள் இரவு குளிக்க வார்க்கும்போது காதுக்குப் பின்னால், அக்குள், கவட்டுப் பக்கம் பாருங்கள். நம் பிள்ளைகளின் கறுத்த முடிக்குள் கண்டுபிடிப்பது கஷ்டம், விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறோம். அங்கேயும் இப்படியே விடலாமா?

மரமேற விடுங்கள், ஆனால் முருங்கையில் வேண்டாம், சட்டென்று முறியும். மற்றபடி பிள்ளைக்குத் தெரியாத ஆபத்துகளின் பட்டியல் அங்கே வேறு, அதை நீங்கள்தான் முதலில் நடந்து பார்க்க வேண்டும். வளவில் கட்டில்லாத கிணறு இருக்கிறதா, பாழடைந்த வீட்டுக்குள் மூடாத குழி இருக்கிறதா? முகமாலை மாதிரிப் பகுதிகளில் போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் மிதிவெடி அகற்றினார்கள், ஆகவே அறிவிப்புப் பலகைக்கு அப்பால் காலடி வைக்கக்கூடாது, கிடக்கிற உலோகத்தை எடுக்கக்கூடாது. இங்கே வளர்ந்த பிள்ளை காட்டில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிப் பையில் போடும், அதனால் இதைப் போவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

நாய் இன்னொன்று. இங்கே பிள்ளைகள் கண்ட நாயையெல்லாம் தடவிப் பழகியவை, இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இருக்கிறது. கடித்தாலும் நகம் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏச்சு விழும் என்று பயந்தால் பிள்ளை கீறலை மறைத்துவிடும், ஆகவே முதலில் ஏசாதீர்கள்.